அஞ்சலையம்மா உன்னிடம் சொல்லச் சொன்னது

சரவணா,

என் எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. வரி நேராகப் போகவில்லை என்பது எனக்கே தெரிகிறது. ஏர் ஓட்டின காலத்தில் சால் கொஞ்சம் கோணினாலும் மாட்டைத் திருப்பி மறுபடி ஓட்டுகிற ஆள் நான். இந்தத் தாளில் கோடு போட்டே கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் என் எழுத்து கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, வரப்பில் உட்கார்ந்த கொக்குகள் மாதிரி நிற்கிறது. கை வலித்தால் எழுத்து சிறுத்துப்போகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் பெருத்துவிடுகிறது. மை தேங்கிய இடமெல்லாம் நான் நின்று யோசித்த இடம் என்று எடுத்துக்கொள். ‘ஞ’ வருகிற இடத்தில் கட்டாயம் தேங்கியிருக்கும். அந்த எழுத்து இன்னும் எனக்கு வசப்படவில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் அதை நிறைய தடவை எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற கோமதி, முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்லி, பிழையைத் திருத்திக் கொடுக்கிறாள். அதைப் பார்த்து இதில் எழுதுகிறேன். அவள் திருத்துவது எழுத்தைத்தான். சொல்லெல்லாம் என்னுடையது. உன் அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “போன்ல சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடியற சங்கதி. இதுக்குப் போய் இத்தினி நாளா குந்திக்கினு எழுதிக்கினு இருக்கிறியே, கழுத்து வலிக்கல?” என்கிறாள். போனில் நீ “அப்பறம் பேசறேம்பா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் நீ மேசையில் வைத்துவிடலாம். ஆனால் அது பேசுவதை நிறுத்தாமல் அங்கேயே கிடக்கும். எனக்கு அந்த வசதி பிடித்திருக்கிறது.

நீ ஏன் சென்னையில் சிநேகிதன் அறையில் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ அம்மாவிடம் அழுததையும் சொன்னதையும் அவள் அப்படியே என்னிடம் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, அவளால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சி டாக்டராக உன்னைப் பனமலைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உன் அம்மா வயதில் ஒரு அம்மா, சர்க்கரை நோய்க்காரி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று நீ கேட்டாய். சாப்பிடுகிறேன் என்றாள். சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று நீ சொன்னாய், பெரிய டாக்டரம்மாவும் சரி என்றார்கள். ஆனால் அவள் அதுவரை பாதி நாள் மாத்திரையே போடவில்லை. நீ கூட்டிக் கொடுத்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேலை செய்கிற இடத்தில் நினைவு தப்பி விழுந்தாள். ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். உன்னை யாரும் திட்டவில்லை. நீயாகவே கிளம்பி வந்துவிட்டாய். இனி அந்த ஊர் வேண்டாம், கிராமமே வேண்டாம், நகரத்து ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே ஒரு இடம் போடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறாய். “நான் அவங்க மூஞ்சியில எப்பிடிம்மா முழிப்பேன்” என்று கேட்டாயாம்.

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரத் தெரியும். பொறுத்துக்கொள்.

உனக்கு நினைவு தெரியாத வயதில் ஒரு தடவை வயிற்றுப்போக்கு வந்து துணி மாதிரி துவண்டுவிட்டாய். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உனக்கு ஊசி ஏற்ற வந்தவன் மீசை சரியாக முளைக்காத ஒரு பயிற்சி டாக்டர். உன் கையில் நரம்பே தெரியவில்லை. குத்தினான், கிடைக்கவில்லை. மறு கையில் குத்தினான், அங்கேயும் கிடைக்கவில்லை. நீ அழக்கூடத் தெம்பில்லாமல் பார்த்தாய். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். “பச்சப் புள்ளய வெச்சியா நீ கத்துக்கினு இருக்கிற? பெரிய டாக்டரைக் கூப்புடு, ஜல்தி” என்றாள். அவன் போகவில்லை. “பெரிய டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரும்மா. வர்ற வரைக்கும் கொழந்தை தாங்காது. இன்னும் ஒரே வாட்டி. நீங்க காலைப் பிடிச்சிக்கங்க” என்றான். ஊசியைக் கீழே வைக்கவில்லை. அம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தடவை ஏறிவிட்டது. மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்த பிறகு பார்த்தால், அந்தப் பையனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. அம்மா உன் முகத்தைத் துடைத்த முந்தானையாலேயே அவன் நெற்றியையும் துடைத்துவிட்டாள். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. இப்போது எங்கேயோ பெரிய டாக்டராக இருப்பான். நீ இன்று உட்கார்ந்து இதைப் படிப்பது, அவன் தவறவிட்ட பிறகும் அங்கேயே நின்றதால்தான்.

நீ டாக்டருக்குப் படிக்கப் போனபோது நான் அடிக்கடி இதை நினைத்துக்கொள்வேன். உனக்கும் யாரோ கையை நீட்டுவார்கள். நீயே ஒரு தடவை சொன்னாய், முதல் முதலில் ரத்தம் எடுத்தபோது உன் கை ஆடியதைப் பார்த்து ஒரு கொத்தனார், “பயப்படாம குத்துங்க தம்பி, செங்கல் தூக்கற கைதான், ஒண்ணும் ஆவாது” என்றாராம். அந்தக் கொத்தனாருக்கு நான் என்ன செய்ய முடியும்? அவர் வீடு தெரியாது. அப்போதுதான் நம் ஊருக்கு மதுமிதா வந்தாள்.

மதுமிதாவை உனக்குத் தெரியும், ஆனால் சரியாகத் தெரியாது. புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வந்து இறங்கி, ஆளுக்குச் சில குடும்பத்தைத் தத்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். படிப்பு முடிகிற வரைக்கும் அந்தக் குடும்பத்தை வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்பது. எங்களை எடுத்தவள் இந்த ஈரோட்டுப் பெண். எதிர்வீட்டு கோவிந்தனுக்கு அன்றிலிருந்து கொண்டாட்டம். “இன்னா மச்சான், பையனையே டாக்டர் ஆக்கிட்ட, இந்த வயசுல நீ போய் ஒரு பொண்ணுக்குத் தத்துப்புள்ளை ஆயிட்டியே” என்பான். தெருவில் போகும்போதெல்லாம் “தத்துப்புள்ளை போவுது பாரு” என்று குரல் கொடுப்பான். அவனையும் ஒரு பையன் தத்து எடுத்திருந்தான் என்பதை வசதியாக மறந்துவிடுவான்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, “ஏனுங்கய்யா, இன்னைக்கு என்னங்க சாப்பிட்டீங்க?” என்று கேட்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் நீ இப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய் என்றுதான் எனக்குத் தோன்றும். அங்கே ஒரு ஆள் உனக்கு நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்வேன். நான் அவளுக்கு நல்ல பதிலாகச் சொன்னேன். கேப்பைக் கூழ் என்பேன். நடுவில் தின்ற போண்டாவைச் சொல்ல மாட்டேன். நடக்கிறேன் என்பேன். மாத்திரை போட்டேன் என்பேன். அவள் முகம் மலரும். அந்தக் கொத்தனாருக்குத் தர வேண்டியதில் கொஞ்சம் தந்துவிட்ட மாதிரி எனக்கு இருக்கும்.

பிறகு அவளுடைய புரொபசர் அம்மா நேரில் வந்து குடும்பங்களைப் பார்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கோவிந்தன்தான் கிளப்பிவிட்டான். “வூட்ல யாருக்காச்சும் நோவு முத்திப்போயிருந்தா அந்தப் புள்ளைங்களுக்கு மார்க்கு போயிரும்யா. இன்ஸ்பெக்டர் வர்றப்போ பசங்க வாய்ப்பாடு சொல்லலைன்னா வாத்தியாருக்குத்தானே பேஜாரு? அது மாதிரி” என்றான். கேட்ட எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம் அழுக்குத் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், அவர்கள் பெயிலாக நாம் காரணமாக இருக்கலாமா? அவ்வளவுதான், தெருவே தயாரானது. கோவிந்தன் சர்க்கரை குறைவாகக் காட்ட வேண்டும் என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்தான். அவன் மனைவி இருமல் வராமல் இருக்க வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டாள். அன்று நம் தெருவில் நோயாளி என்று ஒருவரும் இல்லை.

எனக்கு அப்போது காலில் சுண்டுவிரலில் புண். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது கருவேல முள் ஏறியது. வலிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன். சர்க்கரைக்காரனுக்கு வலிக்காததுதான் ஆபத்து என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். விரல் கறுத்துவிட்டது. கோவிந்தன் சொன்னதற்கு முந்தின தடவை அவள் வந்தபோதே, அவள் வருத்தப்படுவாளே என்று காலை மடித்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன். புரொபசர் வருகிற அன்று மடிக்கிற அளவுக்குக் கால் இல்லை, வீங்கியிருந்தது. அதனால் நடக்கப்போவதற்கு என்று நீ வாங்கிக் கொடுத்தாயே ஒரு ஷூ, அதை எடுத்து மாட்டிக்கொண்டு, வேட்டியும் ஷூவுமாக வீட்டுக்குள் நாற்காலியில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்தேன். உன் அம்மா, “கருமம், வூட்டுக்குள்ளயா?” என்றாள். “சும்மா இரு, பாப்பாவுக்கு மார்க்கு” என்றேன்.

புரொபசர் அம்மா வந்தார்கள். மதுமிதா எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒப்பித்தாள். அய்யா காலை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், செருப்பில்லாமல் நடப்பதில்லை என்று சொன்னாள். நான் ஷூவை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினேன். புரொபசர் அம்மா, “பரவாயில்லையே, இந்த ஊர்ல எல்லாருமே ரொம்ப ஆரோக்கியமா இருக்கீங்களே” என்று ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் பஸ் ஏறினார்கள். ஹாரன் அடித்தது. அப்போது மதுமிதா மட்டும் இறங்கி ஓடி வந்தாள். வாசலில் தன் செருப்பைக் கழற்றி விட்டாள். அப்படிக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறுதியானது என்று பிறகு சொன்னாள். எங்கள் வீட்டு வாசலில் எல்லாச் செருப்பும் வெளியே கிடக்கிறது, அய்யா மட்டும் ஏன் உள்ளே போட்டிருக்கிறார்?

நேராக வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். “ஷூவைக் கழட்டுங்கய்யா.”

“மண்ணுமா. தரையெல்லாம் ஆயிரும்.”

“கழட்டுங்க.”

“பஸ் போயிரப்போவுது பாப்பா, கிளம்பு.”

அவளே கயிற்றை அவிழ்த்தாள். நான் காலை இழுத்தேன். “வேணாம்மா, மார்க்கு போயிரும்” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எந்த மார்க்குங்கய்யா?” என்று கேட்டாள். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் கயிற்றை முழுவதும் தளர்த்தினாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். நாற்றத்துக்கு நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவள் திருப்பவில்லை. வாசலுக்குப் போய், “மேடம், கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள். புரொபசர் அம்மாவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “போன விசிட்லயே நான் இவர் காலைப் பார்த்திருக்கணும் மேடம். கேட்டேன், பார்க்கலை.” அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. “இப்ப திரும்பி வந்து பார்த்தீங்க இல்ல, அதைப் பேசுவோம்” என்றார்கள். அந்த பஸ்ஸிலேயே என்னை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனார்கள். நம் ஊரில் ஒரு பஸ் நிறைய டாக்டர் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஆள் நான் ஒருத்தன்தான். கோவிந்தன் பட்டினியில் தலை சுற்றிக் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டதால் வழியனுப்பக்கூட வரவில்லை.

விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. கண் விழித்தபோது எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அப்போது நான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்த நேரம். படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூட்டினேன். ‘காலணிகளை வெளியே விடவும்.’ அதுதான் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம். வயிறு குலுங்கச் சிரித்தேன். நர்ஸ், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்தாள்.

அன்றுதான் நீ வந்தாய். மதுமிதா என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நீ என் காலைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். “இத்தினி நாளா வந்துக்கினு இருக்கிறீங்க, ஒரு காலைப் பார்க்கத் தெரியலையா? எங்கப்பா இன்னா நீங்க படிக்கிற புக்கா?” என்று கேட்டாய். வார்டே திரும்பிப் பார்த்தது. அவளால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும், உங்கள் அப்பா ஷூ போட்டு மறைத்தார் என்று. அவள் சொல்லவில்லை. “சாரிங்க” என்று மட்டும் சொன்னாள். நானும் சொல்லவில்லை, சரவணா. எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன். காலை மறைத்தவன் நான், பேச்சு வாங்கினவள் அவள். அடுத்த தடவை பஸ் வரும்போது இனி அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். முதல் ஆளாக இறங்கினாள். என் பையன் பேசினதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தேன். “அதை விடுங்கய்யா. காலைக் காட்டுங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் எங்களை எதுவும் கேட்பதற்கு முன்னால் பார்க்கிறாள். உன் அம்மாவின் அரிசிப் பானையைத் திறந்துகூடப் பார்த்துவிட்டாள். போண்டாக் கடைக்காரர் வரைக்கும் விசாரித்துவிட்டாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் உன்னிடம், அந்த அம்மாவும் என்னைப் போல உன்மேல் பாசத்தில்தான் பொய் சொல்லியிருப்பாள் என்று எழுத வேண்டும். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அவளைப் பார்த்ததுகூட இல்லையே. தெரியாததை எழுதினால் காகிதத்தில் அது தெரிந்ததுபோல உட்கார்ந்துவிடும். அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டு, உன் அம்மாவிடம் திண்டிவனம் போய் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். திண்டிவனம் போனேன், அது உண்மைதான். அங்கிருந்து விழுப்புரம் போனேன். விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றபோது ஒரு ஆள் வந்து, “அண்ணே, இது செஞ்சி போவுமா?” என்று கேட்டான். நான் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டி, “இது திருக்கோவிலூர். செஞ்சிக்கு அந்தாண்ட நிக்குது பாரு” என்றேன். அவன் நன்றிகூடச் சொல்லாமல் ஓடிப்போய் ஏறினான். இத்தனை வருஷமாக நான் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறேன். என்னைக் கேட்டு ஒருத்தன் ஏறியது அன்றுதான். அந்த பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்று, என் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பனமலைப் பக்கம் இறங்கி, டீக்கடையில் விசாரித்து, ஏரிக்கரைத் தெருவுக்குப் போனேன். அவள் பெயர் அஞ்சலை என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருந்தாய். இப்போது தெரிகிறதா நான் ஏன் ‘ஞ’ எழுதிப் பழகினேன் என்று. நூறு நாள் வேலை முடிந்து வந்து வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். யார் நீங்கள் என்று கேட்டாள். டாக்டர் சரவணனின் அப்பா என்றேன். மடியில் இருந்த மல்லாட்டை சிதற எழுந்துவிட்டாள்.

“அந்தச் சின்ன டாக்டரா? அய்யோ அண்ணே, என்னால அந்தப் புள்ளைக்கு வேலை போயிடுச்சா?”

“இல்லம்மா. லீவுல இருக்கிறான்.”

“பின்ன ஏன் வரல? கேட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டன்றாங்க. நான் வுழுந்ததுக்கு அதப் போலீஸு கூட்டிக்கினு போயிடுச்சோன்னு இருந்துது எனக்கு.”

அவளை உட்காரவைத்து, என் செருப்பைக் கழற்றி, விரல் இல்லாத காலைக் காட்டினேன். ஷூ கதையைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும் சொன்னாள். மாத்திரை போட்டால் அவளுக்கு அடங்காத பசி வருமாம். வேலை நாளில் காலையில் வெறும் வயிற்றோடு போய், பதினோரு மணிக்கு மேல்தான் கஞ்சி குடிப்பாள். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் கை நடுங்கி மண்வெட்டி நழுவும். அதனால் வேலை இல்லாத நாளில் மட்டும் போடுவாள். “இத அந்தப் புள்ளகிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அது என்ன பேரு சொல்லி, ‘அஞ்சலையம்மா, மாத்திரை கரெக்டா போடறீங்கதானே?’ன்னு சிரிச்சிக்கினு கேட்டுது பாருங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. அப்பறம் சக்கரை ஏறியிருக்குன்னு அது மூஞ்சி சுண்டிப்போச்சி. சரி, நம்மால அதுக்குக் கெட்ட பேரு வேணாம்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுக்கினு மம்புட்டியத் தூக்கிக்கினு போயிட்டேன்.”

சொல்லிவிட்டு, சிதறின மல்லாட்டையைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். “நல்லா இருக்குது போங்க” என்றாள். “நீங்க ஷூ போட்டீங்க, நான் மாத்திரை போட்டேன்.”

இப்போது மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். நர்ஸ் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்களாம், வாங்கி மாடத்தில் வைத்துக்கொள்கிறாளாம். “போடறேன்னு சொல்லிட்டேன். போடல அண்ணே. பயமா இருக்குது” என்றாள். நர்ஸிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். நானே ஆட்டியிருக்கிறேன். அதனால் நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவர்கள் என்னை உட்காரவைத்து முழுவதும் கேட்டார்கள். “நாளைக்கே நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கறேன். ஆனா என்கிட்டயும் போடறேன்னுதான் சொல்வாங்க. நாங்க பக்கத்துல நின்னு மாத்திரையை முழுங்க வைக்கலாம், சாப்பாட்டு நேரத்தை அவங்களாத்தான் சொல்லணும். உங்க பையன்கிட்ட சொல்வாங்க” என்றார்கள். உன் இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். “நான் இன்னும் யார்கிட்டயும் பேசலை. வர்ற திங்கக்கிழமை வரைக்கும் பார்க்கறேன்” என்றார்கள். இந்தப் பாதியை நான் வேகமாக எழுதுகிறேன், எழுத்து இன்னும் மோசமாக இருப்பது அதனால்தான். கோமதி இதை ஸ்பீட் போஸ்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அஞ்சலையம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டாய். அவளும் உன்னைப் பற்றி அதையேதான் கேட்டாள், சரவணா. நான் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொல்லி அனுப்பினாள். மறக்காமல் இருக்க பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். என் வாழ்நாளில் இன்னொருவர் பேச்சை நான் எழுதி வைத்தது இதுதான் முதல் முறை: “இந்த வாட்டி பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. ஆனா அதுவும் வேற மாதிரி கேக்கணும். மாத்திரை போட்டியான்னு கேக்க வேணாம். வேலைக்குப் போற அன்னிக்கி எப்ப சாப்புடறேன்னு கேக்கச் சொல்லுங்க.”

உனக்குப் பாடம் சொல்ல எனக்கு என்ன படிப்பு இருக்கிறது? நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். எங்களைப் போன்றவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகளை ஏமாற்ற வேண்டும் என்று பொய் சொல்வதில்லை. எங்கள் வாசலுக்கு வந்து, எங்கள் பெயரைச் சொல்லி, எங்கள் உடம்பைப் பற்றி ஒருவர் கவலையாகக் கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லாத மரியாதை. அதற்குக் கைம்மாறாகக் கொடுக்க எங்களிடம் ஒரு நல்ல பதில்தான் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நீ அதை வாங்கிக்கொள். வாங்கிக்கொண்டு, மதுமிதா மாதிரி பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வா. திரும்பி வருகிறவர்களிடம்தான் எங்களால் உண்மை பேச முடிகிறது. கேள்வியைப் படித்துக்கொண்டு வந்தவர்கள் நிறைய பேர், திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உனக்கு ஊசி போட்ட அந்தப் பையன் திரும்ப வேண்டிய அளவுக்குக்கூட அப்பால் போகவில்லை, ஊசியோடு அங்கேயே நின்றான்.

எனக்கு யார்மேலும் குறை இல்லை. எண்ணிப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் இருக்கிறார்கள். அந்த மீசையில்லாத பையன், கொத்தனார், மதுமிதா, பஸ்ஸைத் திண்டிவனத்துக்குத் திருப்பச் சொன்ன புரொபசர் அம்மா, எழுத்துச் சொல்லித்தந்த கோமதி, பட்டினி கிடந்த கோவிந்தன்கூட. அஞ்சலையம்மா உனக்காக மல்லாட்டை எடுத்து வைத்திருக்கிறாள், வேகவைத்துத் தருவாளாம். மதுமிதாவிடம் பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அடுத்த தடவை கல்லூரி பஸ் வருகிற அன்று வீட்டுக்கு வா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வா.

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். கோவிந்தன் எழுத்து வகுப்பில் சேர்ந்து என்னென்ன கூத்து அடிக்கிறான் என்பதை எழுத வேண்டும், அது ஒரு முழுத் தாளுக்கு வரும். அந்தக் கடிதத்துக்கான உறையை மட்டும் இன்றே எழுதி வைத்துவிட்டேன். டாக்டர் சரவணன் என்று முதல் வரியில் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே சென்னை முகவரி இல்லை. பனமலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரைத்தான், பலகையைப் பார்த்து எழுதி வந்தபடி, பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். தபால்காரர் அங்கேதான் கொண்டுவந்து கொடுப்பார்.

உன் அப்பா